பீதித் தாக்குதல் மாத்திரையைப் பாதியாகக் குறைத்ததும் வந்த நடுக்கம்: பழைய நோய் திரும்பிவிட்டதா?

கேள்வியின் சுருக்கம் இது. பீதித் தாக்குதலுக்காக ஆறு வருடமாக குளோனாசெபாம் 0.5 மி.கி., காலையில் ஒன்று, இரவில் ஒன்று. சமீபத்தில் மருத்துவர் மாறினார். புதியவர் "காலை மாத்திரையை நிறுத்திவிடுங்கள், இரவு மட்டும் போதும்" என்றார். முதல் நான்கு நாள் ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாம் நாளிலிருந்து கை நடுக்கம், படபடப்பு, இரவில் இரண்டு மணி நேரம் தூங்கினாலே பெரிது. தோலில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது, தட்டு வைக்கும் சத்தம்கூடத் தாங்கவில்லை. மூன்று வாரம் ஆகிறது. பழைய நோய் திரும்பிவிட்டதா? பழைய டோஸுக்கே போய்விடலாமா? முதல் நான்கு நாள் மட்டும் ஏன் ஒன்றுமில்லை? இது எத்தனை நாள் இருக்கும்? நான் அடிமையாகிவிட்டேனா? மருத்துவர்கள் ஏன் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்? 68 வயது அம்மாவும் தூக்கத்துக்கு லோராசெபாம் சாப்பிடுகிறார், அவரும் நிறுத்த வேண்டுமா?

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இது பழைய நோயைவிட டோஸ் ஒரேயடியாகப் பாதியானதால் வந்த விலகல் அறிகுறியாக, அதாவது பழகிய மருந்து குறைந்ததற்கு உடம்பு காட்டும் எதிர்வினையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மாத்திரையைக் குறைக்க நினைத்தது சரிதான், குறைத்த வேகம்தான் தப்பு. நான் மனநலப் பிரிவில் வேலை பார்க்கும் மருந்தாளுநர். உங்களை நேரில் பார்க்காதவன். அதனால் கீழே வரும் எண்களை வைத்து நீங்களாக டோஸை மாற்ற வேண்டாம். மருத்துவரிடம் உட்கார்ந்து பேசும்போது விவரம் தெரிந்து பேசலாமே என்றுதான் எழுதுகிறேன்.

அதற்கும் முன்னால் ஒன்று. வலிப்பு வந்தாலோ, இல்லாத உருவம் தெரிந்தாலோ குரல் கேட்டாலோ, நாளும் இடமும் ஆளும் தெரியாமல் குழம்பினாலோ, அந்தக் குழப்பத்தோடு காய்ச்சலும் கடும் வியர்வையும் சேர்ந்தாலோ, செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தாலோ, மேற்கொண்டு படிக்காமல் அவசரச் சிகிச்சைக்குப் போங்கள். எந்த மாத்திரை, எத்தனை வருடம், எப்போது எவ்வளவு குறைத்தது என்பதைப் போனவுடன் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வேறு காரணத்தைத் தேடி ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் அலைய வேண்டியிருக்கும். ஒரேயடியாக முழுதாக நிறுத்தியவர்கள், அதிக டோஸில் இருந்தவர்கள், முன்பு வலிப்பு வந்தவர்கள், கூடவே மது குடிப்பவர்கள் ஆகியோருக்கு இந்த ஆபத்து கூடுதல். வலிப்பு நோய்க்காகவே குளோனாசெபாம் சாப்பிடுபவர் என்றால் இந்தப் பதில் அவருக்குப் பொருந்தாது. அவர் நரம்பியல் மருத்துவர் சொல்லாமல் கால் மாத்திரைகூடக் குறைக்கக் கூடாது.

இனி, உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மூளையில் நரம்பணுக்களை அமைதிப்படுத்தும் முக்கியமான வேதிப்பொருள் காபா. அது நரம்பணுவின் மேல் தனக்கென்று இருக்கும் ஏற்பி என்ற இடத்தில் போய் ஒட்டியதும் குளோரைடு அயனிகள் அணுவுக்குள் வர வழி திறக்கும், அந்த அணு சட்டென்று கிளர்ந்தெழாது. குளோனாசெபாம், அல்பிரசோலம், லோராசெபாம், டயசெபாம் எல்லாமே பென்சோடயசெபைன் என்ற ஒரே குடும்பம். இவை காபாவை உண்டாக்குவதில்லை. அதே ஏற்பியில் வேறொரு இடத்தில் ஒட்டிக்கொண்டு, காபா வரும்போதெல்லாம் அந்த வழி கூடுதல் தடவை திறக்கும்படி செய்கின்றன. வருடக்கணக்கில் இப்படியே போனால் மூளையும் சும்மா இருக்காது, ஈடுகட்டத் தொடங்கும். ஏற்பிகள் முன்போல் இணங்குவதில்லை, எதிர்ப்பக்கத்தில் கிளர்ச்சியூட்டும் குளூட்டமேட்டின் கை ஓங்குகிறது. மாத்திரை ஒரு பக்கம், மூளை மறு பக்கம் என்று சமபலத்தில் நடக்கும் வடம் இழுப்பு இது. ஒரு பக்கத்தில் பாதிப் பேர் திடீரென்று கையை விட்டால் எதிர்ப்பக்கம் மல்லாந்து விழத்தானே செய்யும்?

மூளை இந்த ஈடுகட்டலைத் திரும்பப் பெற வாரங்களும் மாதங்களும் எடுத்துக்கொள்ளும். மருந்தோ சில நாளில் ரத்தத்திலிருந்து இறங்கிவிடும். தொல்லை முழுக்க இந்த இரண்டு வேகத்துக்கும் உள்ள இடைவெளியில்தான் இருக்கிறது. காபா வேலை செய்யாத மூலை நரம்பு மண்டலத்தில் அநேகமாக இல்லை. அதனால்தான் அறிகுறிகளும் தலையிலிருந்து கால் வரை வருகின்றன. ஒரே ஆளுக்கு வயிற்றுக் கலக்கமும் தாடை இறுக்கமும் காதில் இரைச்சலும் ஒன்றாக வந்தால் மூன்று தனி நோய் என்று நினைத்து மூன்று மருத்துவர்களைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள்.

முதல் நான்கு நாள் ஏன் ஒன்றுமில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். குளோனாசெபாமின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், 30 முதல் 40 மணி நேரம். அதனால், டோஸைப் பாதியாக்கினால் ரத்தத்தில் அதன் அளவு அன்றே பாதியாவதில்லை. குறைய வேண்டியதில் முக்கால்வாசி குறைய மூன்று நாளாகும், புதிய அளவில் போய் நிற்க ஒரு வாரமாகும். அதனால் பெரும்பாலானவர்கள் நான்காம் நாள் "அட, ஒன்றுமே இல்லையே" என்பார்கள், அதற்கடுத்த வாரம் மாட்டிக்கொள்வார்கள். உங்கள் ஐந்தாம் நாள் இந்தக் கணக்கில் அச்சாக உட்கார்கிறது. அல்பிரசோலமாக இருந்திருந்தால், அதன் அரை ஆயுள் சுமார் 11 மணி நேரம்தான் என்பதால், மறுநாளே தெரிந்திருக்கும். டயசெபாம் இன்னும் மெதுவாக இறங்கும். அது கல்லீரலில் மாறி உண்டாகும் பொருளும் மருந்தாகவே வேலை செய்யும், அந்தப் பொருள் உடம்பில் பல நாள் தங்கும்.

குறைவான நேரம் வேலை செய்யும் மாத்திரைகளில் இன்னொரு விஷயமும் உண்டு. டோஸைக் குறைக்காமலேயே, ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவில் விலகல் தலைகாட்டும். அல்பிரசோலம் மூன்று வேளை சாப்பிடுபவர் மதியம் இரண்டரை மணிக்குக் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தால், மூன்று மணிக்கு உள்ளங்கை வியர்த்தால், மாத்திரை போட்ட அரை மணி நேரத்தில் எல்லாம் அடங்கினால், அவர் அதைத் தன் பதற்ற நோய் என்றே நினைத்துக்கொள்வார். அதில் பாதி, மருந்து இறங்கியதால் வந்தது.

நோய் திரும்பியதா, விலகலா என்பதை எப்படிப் பிரிப்பது? முழு நிச்சயமாகப் பிரிக்க ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. ஆனால் மூன்று விஷயங்களைப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். முதலாவது, நாள் கணக்கு. குறைத்த சில நாளில், அந்த மருந்தின் அரை ஆயுளுக்கு ஏற்ற நேரத்தில் தொடங்கினால் விலகல் பக்கம் சாய்கிறது. நோய் திரும்புவது பெரும்பாலும் மெல்ல, வாரங்கள் மாதங்கள் கழித்து ஏறும். இரண்டாவதுதான் எனக்கு மிக முக்கியம்: முன்பு இல்லாத அறிகுறிகள் இருக்கின்றனவா? ஆறு வருடத்துக்கு முன் உங்களுக்கு வந்தது பீதித் தாக்குதல். திடீரென்று நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், செத்துப்போய்விடுவோம் என்ற பயம் வரும், சற்று நேரத்தில் போய்விடும். அப்போது தோலில் எறும்பு ஊர்ந்ததா? தட்டு சத்தம் காதைக் குத்தியதா? வெளிச்சம் கண் கூசியதா? தசை துடித்ததா, வாயில் உலோகச் சுவை வந்ததா, சுற்றியிருப்பதெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோல நிஜமில்லாமல் தோன்றியதா? புலன்கள் இப்படிக் கூர்மையாகித் தொல்லை கொடுப்பது பதற்ற நோயில் அவ்வளவாக வராது, இந்த மாத்திரை விலகலில் நிறைய வரும். மூன்றாவது, போக்கு. விலகல் கூடும், குறையும், நடுநடுவே ஒரு நல்ல நாளைக் கொடுத்துவிட்டு மறுநாள் மீண்டும் பிடிக்கும். மொத்தத்தில் வாரங்கள் போகப்போக இறங்கும்.

இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. எந்தத் தொல்லைக்காக மாத்திரை தொடங்கினீர்களோ அதுவே சில நாளுக்கு முன்னைவிடப் பலமாக வந்து போவது. தூக்கத்துக்காகச் சாப்பிட்டவருக்கு முன்னைவிட மோசமான தூக்கமின்மை, அதோடு துல்லியமான கெட்ட கனவுகள். இந்த மாத்திரைகள் கனவுத் தூக்கத்தை அமுக்கி வைத்திருக்கும், குறைத்ததும் அது வட்டியோடு வரும். "பார்த்தீர்களா, இது இல்லாமல் எனக்குத் தூக்கமே வராது" என்று பலர் திரும்ப மாத்திரைக்குப் போவது இந்தக் கட்டத்தில்தான். அது மருந்தின் தேவைக்குச் சாட்சியே இல்லை.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். பெரிதாக ஒன்றும் எழுத வேண்டாம். தேதி, அன்று சாப்பிட்ட மொத்த மில்லிகிராம், தூங்கிய நேரம் தோராயமாக, அறிகுறிகளுக்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண், அவ்வளவுதான். காபி, மது, வேறு புதிய மருந்து ஏதாவது இருந்தால் அதையும் குறியுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு தடவை எழுதி மூடிவிடுங்கள். மணிக்கு ஒரு தடவை உடம்பைச் சோதித்து எழுதினால் அதுவே படபடப்பைக் கூட்டும். மூன்று வாரத்து நோட்டை மேசையில் வைத்தால் மருத்துவரிடம் நடக்கும் பேச்சே வேறு மாதிரி இருக்கும். "எனக்கு ரொம்ப முடியவில்லை டாக்டர்" என்பதற்கும் "குறைத்த ஐந்தாம் நாள் தொடங்கியது, பன்னிரண்டாம் நாள் உச்சம், முன்பு இல்லாத அறிகுறிகள் இவை" என்பதற்கும் கிடைக்கும் பதில் ஒன்றல்ல.

பழைய டோஸுக்கே போகலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். இதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கும். தொல்லை தாங்கும் அளவில் இருந்து இறங்குமுகமாகத் தெரிந்தால், இப்போதைய 0.5 மி.கி.யிலேயே சில வாரம் நிற்கலாம். அப்போதுகூட ஒரே வேளையாக இல்லாமல் காலை 0.25, இரவு 0.25 என்று பிரித்தால் பகல் நடுக்கம் குறைய வாய்ப்புண்டு, கேட்டுப் பாருங்கள். இரண்டாவது, 0.75 மி.கி. போன்ற நடுவளவுக்கு ஏறி, உடம்பு நிலைப்பட்ட பிறகு சிறு சிறு படியாக இறங்குவது. மூன்றாவது, முழு டோஸுக்கே திரும்பி அங்கிருந்து ஒழுங்காகத் தொடங்குவது. மூன்று வாரமாகத் தூக்கமில்லாமல், சத்தம் தாங்காமல் இருக்கும் ஒருவரை "பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள்" என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. கொஞ்சம் ஏறி நின்றுவிட்டு இறங்குவது தோல்வி கிடையாது. கூடாத காரியம் ஒன்று உண்டு. ஒரு நாள் ஒரு மாத்திரை, மறுநாள் அரை, மூன்றாம் நாள் ஒன்றுமில்லை, முடியாதபோது இரண்டு என்று மனம்போனபடி சாப்பிடுவது. உடம்பு நிலைப்பட வழியே இல்லாமல் போகும். திரும்பத் திரும்ப டக்கென்று நிறுத்தித் தொடங்குபவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் விலகல் கடுமையாகலாம்.

எவ்வளவு மெதுவாக இறங்குவது? 2025இல் அமெரிக்க அடிமைநிலை மருத்துவச் சங்கமும் வேறு பல மருத்துவ அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை 5 முதல் 10 சதவீதம் குறைப்பதிலிருந்து தொடங்கச் சொல்கிறது. பொதுவாக இரண்டு வாரத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. உங்களுக்கு நடந்தது ஒரே நாளில் 50.

சதவீதம் என்பது அப்போதைய டோஸில் என்று எடுத்துக்கொள்வதுதான் சூட்சுமம். கையில் இருப்பது 0.25 மி.கி. மாத்திரை, அதைப் பாதியாக வெட்டினால் 0.125. ஒவ்வொரு தடவையும் இந்த ஒரு பாதியைக் குறைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 1 மி.கி.யிலிருந்து 0.875க்கு வருவது எட்டில் ஒரு பங்கு குறைப்பு, பெரும்பாலானவர்கள் சமாளித்துவிடுவார்கள். 0.5இலிருந்து 0.375க்கு வருவது கால்வாசி. 0.25இலிருந்து 0.125 என்றால் பாதி. கடைசிப் படியில் இருப்பது முழுவதும் போகிறது. வெட்டும் துண்டு ஒன்றே, ஆனால் கீழே போகப்போக அடி பலமாகிறது. போதாக்குறைக்கு, ஏற்பிகளில் மருந்து பிடித்து வைத்திருக்கும் பங்கு குறைந்த டோஸில்தான் செங்குத்தாக இறங்கும். "இனி இருப்பது தூசி அளவுதானே, விட்டுவிடுங்கள்" என்று கடைசியில் யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டாம்.

இருக்கும் டோஸில் பத்து சதவீதம் என்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை குறைத்தால், 1 மி.கி.யிலிருந்து 0.1 மி.கி.க்கு வர 22 படி, கிட்டத்தட்ட 20 மாதம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்றால் 10 மாதம். எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஆறு வருடம் சாப்பிட்டதற்கு இது பெரிய காலமில்லை, அதில் பெரும்பகுதி நாள்களில் நீங்கள் உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு சாதாரணமாகத்தான் இருப்பீர்கள். நடுவில் வீட்டில் ஒரு சாவோ தேர்வோ வேலை மாற்றமோ வந்தால் அந்த மாதம் குறைக்காமல் அதே படியில் நிற்கலாம். எல்லோருக்கும் இவ்வளவு காலம் ஆகும் என்றும் இல்லை. இதைவிட வேகமாக இறங்கி லேசான தொல்லையோடு முடித்தவர்களும் இருக்கிறார்கள். உடம்பு சொல்வதைப் பார்த்து வேகத்தை மாற்ற வேண்டும், தேதியைப் பார்த்து மாற்றக் கூடாது.

வெட்டுவது பற்றிக் கொஞ்சம். குளோனாசெபாம் மாத்திரை சின்னது. கத்தியால் கால் பாகமாக்கப் போனால் ஒரு துண்டு பெரிதாகும், ஒன்று சிறிதாகும், மிச்சம் பொடியாகி மேசையில் கிடக்கும். மருந்துக் கடைகளில் கிடைக்கும், நடுவில் பிளேடு வைத்த சின்னப் பெட்டியில் வைத்து ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். அப்போதும் பாதி வரை நம்பலாம், கால் பாகம் ஏறக்குறையத்தான். ஒரே மாத்திரையின் துண்டுகளை அடுத்தடுத்த வேளைகளில் சாப்பிட்டால் ஏற்ற இறக்கம் சமனாகிவிடும். ஒட்டுமொத்தமாகப் பத்து மாத்திரையை வெட்டிக் கலந்து வைக்காதீர்கள். அதைவிடச் சிறிய படிக்கு, குறைந்த பவரில் வரும் மாத்திரையோ திரவ மருந்தோ கிடைக்குமா என்று கேளுங்கள். நீங்களாகத் தண்ணீரில் போட்டுக் கலக்க வேண்டாம், இந்த மருந்து தண்ணீரில் சரியாகக் கரையாது, அடியில் தங்கும். மெதுவாக வெளியேறும் வகை மாத்திரையை எக்காரணம் கொண்டும் வெட்டவோ நொறுக்கவோ கூடாது.

டயசெபாமுக்கு மாற்றிக் குறைக்கலாமே என்று படித்திருப்பீர்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. அது மெல்ல இறங்கும், 2 மி.கி. மாத்திரையிலும் கிடைக்கும் என்பதால் படிகளைச் சின்னதாக வைக்கலாம். இந்த முறையைப் பரவலாக்கியவர் இங்கிலாந்தின் நியூகாசிலில் 1982 முதல் 1994 வரை இந்த மாத்திரைகளிலிருந்து விடுபடுவதற்கென்றே ஒரு சிகிச்சைப் பிரிவு நடத்திய மருத்துவப் பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன். அவர் கணக்கில் குளோனாசெபாம் 0.5 மி.கி., டயசெபாம் 10 மி.கி.க்குச் சமம். வேறு அட்டவணைகளில் இது மாறும். குளோனாசெபாமே ஓரளவு மெதுவாக இறங்கும் மருந்துதான் என்பதால் உங்களுக்கு மாற்றம் அவசியமா என்பது எனக்குச் சந்தேகம். அல்பிரசோலம், லோராசெபாம் சாப்பிடுபவர்களுக்கு அதிகம் உதவும். வயதானவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் டயசெபாம் உடம்பில் தேங்கும், கவனம் வேண்டும்.

மருத்துவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களே என்ற உங்கள் கோபம் நியாயம்தான். இந்தக் குடும்பத்தின் முதல் மருந்தான குளோர்டயசெபாக்சைடு 1960இல் சந்தைக்கு வந்தது, டயசெபாம் 1963இல். அதற்கு முன்பிருந்த பார்பிட்யூரேட் வகைத் தூக்க மருந்துகளில் கொஞ்சம் அதிகமானாலே உயிர் போகும் என்பதால் இவை பெரிய நிம்மதியாகத் தோன்றின. அதிக டோஸை டக்கென்று நிறுத்தினால் வலிப்புவரை போகும் என்பது 1961இலேயே பதிவாகிவிட்டது. ஆனால் சாதாரண டோஸில், மருத்துவர் சொன்னபடியே சாப்பிட்டவருக்கும் விலகல் வரும் என்பது பரவலாக ஒப்புக்கொள்ளப்பட 1980கள் ஆயின. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் உடல் சார்ந்திருத்தலையும் விலகலையும் மருந்தின் விவரத் தாளில் கட்டம் கட்டி அச்சிடும் எச்சரிக்கையில் சேர்த்தது 2020 செப்டம்பரில்தான். இடையில் படித்து வந்த மருத்துவர்களில் பலருக்கு எப்படித் தொடங்குவது என்று சொல்லிக் கொடுத்த அளவுக்கு எப்படி நிறுத்துவது என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

"நான் அடிமையாகிவிட்டேனா" என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நீங்கள் டோஸைத் தானாகக் கூட்டவில்லை, நான்கு மருத்துவர்களிடம் நான்கு சீட்டு வாங்கவில்லை, போதைக்காகச் சாப்பிடவில்லை. உடம்பு பழகிவிட்டது, அவ்வளவுதான். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

இந்த நாள்களில் தவிர்க்க வேண்டியவற்றில் முதலிடம் மதுவுக்கு. அது அதே காபா ஏற்பியில் கை வைக்கும், ராத்திரி தணிப்பதுபோல் தணித்துவிட்டு விடிகாலையில் இரட்டிப்பாகத் திருப்பித் தரும். மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கலாம். ஓபியாய்டு என்ற அபின் வகை வலி மருந்துகளும் அப்படித்தான். சால்பிடெம் மாதிரித் தூக்க மாத்திரையைப் பதிலுக்கு எடுப்பதில் அர்த்தமில்லை, அதுவும் அதே இடத்தில்தான் ஒட்டுகிறது. சளி, சிறுநீர்த் தொற்று என்று போகும்போது சிப்ரோஃப்ளாக்சசின், லிவோஃப்ளாக்சசின் வகை ஆண்டிபயாடிக் எழுதினால், இந்த மாத்திரையைக் குறைத்துக்கொண்டிருப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். அவை காபாவுக்கு எதிராகப் போய் வலிப்பு வாய்ப்பைக் கூட்டக்கூடியவை, பெரும்பாலும் மாற்று மருந்து இருக்கும். மனச்சோர்வு, பதற்றத்துக்கு வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் இரண்டையும் ஒரே மாதத்தில் குறைக்காதீர்கள், எது எதனால் வந்தது என்றே தெரியாமல் போகும். நடுக்கத்துக்கும் படபடப்புக்கும் புரோப்ரனோலால் எழுதுவது உண்டு. ஆஸ்துமா இருந்தால் அது ஆகாது. அது வலிப்பைத் தடுக்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். காபியை அறவே விட முடியாவிட்டால் மதியத்துக்கு முன்னால் முடித்துக்கொள்ளுங்கள். பகலில் தலை சுற்றினாலோ தூங்கி விழுந்தாலோ வண்டி ஓட்ட வேண்டாம்.

தூக்கத்துக்கு என்ன செய்வது? இங்கே மருந்தைவிட நன்றாக வேலை செய்வது தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. பெயர்தான் பெரிது, செய்வது எளிது. ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுவது. படுத்துப் புரண்டுகொண்டே இருக்காமல், தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண் சொக்கும்போது மறுபடி படுப்பது. கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பது. முதல் வாரம் இதுவும் கடுப்பாகத்தான் இருக்கும். மூன்று மணிக்கு முழிப்பு வந்து நெஞ்சு அடித்துக்கொள்ளும்போது மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்குங்கள். இழுக்க நான்கு எண்ணினால் விட ஆறு. அந்த நேரத்தில் வரும் எண்ணங்களைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். "வேலையை விட்டுவிடலாம்" மாதிரி முடிவுகளைக் காலை பத்து மணிக்கு எடுக்கலாம்.

எத்தனை நாள் என்பதற்கு நேர்மையான பதில்: கடுமையான கட்டம் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரம். உங்கள் மூன்றாவது வாரம் அதன் பின்பகுதி. அப்புறமும் தூக்கமும் புலன் கூச்சமும் முழுக்கச் சரியாக மாதங்கள் ஆகலாம், ஒரு சிறு பங்கினருக்கு ஒரு வருடத்தைத் தாண்டியும் இழுக்கும். நல்ல நாள் ஒன்று வந்துவிட்டு மறுபடி மோசமானால் முதலிலிருந்து தொடங்குகிறது என்று அர்த்தமில்லை, இறக்கம் நேர்க்கோட்டில் வராது. ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பாதிக்கப்பட்டவர்களின் அனுபவங்களை ராத்திரி முழுக்கத் தேடிப் படிக்காதீர்கள். பிரச்சினை இல்லாமல் நிறுத்தியவர்கள் உட்கார்ந்து எழுதுவதில்லை, மிக மோசமாகப் பட்டவர்களே எழுதுவார்கள். முன்பிருந்த பீதித் தாக்குதலே உண்மையில் திரும்பினால் அதற்கு வேறு மருந்துகளும் பேச்சுச் சிகிச்சையும் இருக்கின்றன. குறைக்கத் தொடங்கும் முன்பே அவற்றில் ஒன்றைத் தொடங்கிவிடுவது நல்லது.

கடைசியாக அம்மா. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தக் குடும்ப மாத்திரைகளை முடிந்தவரை தவிர்க்க வேண்டும் என்றே அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் சொல்கிறது. காரணம் விழுதல், இடுப்பெலும்பு முறிவு, மறதி, குழப்பம். ராத்திரி கழிவறைக்கு எழும்போது தள்ளாடுகிறாரா, பகலில் ஞாபகம் பிசகுகிறதா என்று கவனியுங்கள். பலர் இதை வயசு என்று விட்டுவிடுகிறார்கள், மாத்திரை குறைந்ததும் ஆள் தெளிவாவதைப் பார்த்திருக்கிறேன். வயதானவர்களால் நிறுத்த முடியாது என்பதும் உண்மையில்லை. கனடாவில் இந்த மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டுவந்த சுமார் 300 முதியவர்களிடம் நடத்தி 2014இல் வெளியான ஓர் ஆய்வில், ஆபத்துகளையும் படிப்படியாகக் குறைக்கும் முறையையும் விளக்கும் கையேட்டைக் கொடுத்ததற்கே, ஆறு மாதத்தில் 27 சதவீதம் பேர் முழுதாக நிறுத்தியிருந்தார்கள். கையேடு கொடுக்கப்படாதவர்களில் இது 5 சதவீதம். ஆனால் அவர் மாத்திரையை ஒளித்து வைப்பது, சொல்லாமல் பாதியாக்குவது போன்ற வேலைகள் வேண்டாம். லோராசெபாம் வேகமாக இறங்கும் மருந்து, அவருக்குத்தான் இன்னும் சின்னப் படிகள் தேவைப்படும். அவருடைய மருத்துவரிடம் கேட்டு, உங்கள் டோஸ் ஓரிடத்தில் நிலைப்பட்ட பிறகு தொடங்குங்கள். இருவரும் ஒரே மாதத்தில் குறைக்க ஆரம்பித்தால் ராத்திரி வீட்டில் தூங்க ஆளே இருக்காது.